யானை, வேலி, காலி மேசை: இதற்காகக் கல்யாணத்தை நிறுத்தலாமா?

கேள்வி:

எனக்கு 28 வயது. ராமமூர்த்தி நகரில் அம்மா, தம்பியோடு இருக்கிறேன். ஒயிட்ஃபீல்டில் வேலை. தங்கவயலிலிருந்து வந்த குடும்பம், அப்பா இல்லை. ஆவணியில் நிச்சயம் முடிந்தது, தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தளி பக்கத்தில் கிராமம். அவர் அப்பா ராகி போடுகிறார். இவர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்கிறார்.

போன மாதம் ஆபீஸில் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு விளையாட்டு வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு காட்டுக்குள் நடப்பதாக நினைக்க வேண்டும். கூட யார் வருகிறார்? எதிரே என்ன மிருகம், அதை என்ன செய்கிறீர்கள்? ஒரு வீடு வருகிறது, வேலி இருக்கிறதா? உள்ளே மேசையில் என்ன? வெளியே கிடக்கும் கோப்பை எதில் செய்தது, அதை என்ன செய்கிறீர்கள்? கடைசியில் தண்ணீர், அதைத் தாண்டிப் போகையில் எவ்வளவு நனைகிறீர்கள்?

பிறகு விடை சொன்னார்கள். கூட வருபவர்தான் வாழ்க்கையில் முக்கியமானவர். மிருகம் எவ்வளவு பெரிதோ பிரச்சினையும் அவ்வளவு பெரிது. வேலி இருந்தால் மூடிய மனசு. மேசையில் சாப்பாடு, பூ எதுவும் இல்லையென்றால் சந்தோஷமில்லாதவர். கோப்பையின் உறுதிதான் உறவின் உறுதி. நனைவது தாம்பத்திய ஆசை. எனக்கு அச்சு அசலாகப் பொருந்தியது. என்னோடு அவர் வந்தார், மான் வந்தது, வேலியில்லாத வீடு, மேசையில் பூ, பித்தளை டம்ளர், அதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி அவரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். தனியாகப் போகிறாராம். யானை வந்ததாம், அசையாமல் நின்றாராம், அது போய்விட்டதாம். சின்ன வீடு, சுற்றிலும் உயரமான வேலி. மேசையில் ஒன்றுமில்லை. கோப்பை பிளாஸ்டிக், அங்கேயே விட்டுவிட்டார். ஏரியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார், நனையவேயில்லை. அர்த்தத்தைச் சொன்னதும் சிரித்தார். மறுபடி மறுபடி கேட்கவும் கோபித்துக்கொண்டார். எனக்கு அதிலிருந்து சரியான தூக்கமில்லை. சாதாரணமாகவே அதிகம் பேசாதவர். கல்யாணத்துக்கு அப்புறம் தளியிலா பெங்களூரிலா என்று கேட்டால்கூட ‘பார்க்கலாம்’ என்பதோடு சரி. இந்தச் சோதனை உண்மையா? கல்யாணத்தை நிறுத்திவிடலாமா?

பி.கு.: இனிமேல் டீம் பிரிக்கவும் இதை வைக்கப் போகிறார்களாம். மாட்டேன் என்று சொல்லலாமா?

(பெயர் வேண்டாம், பெங்களூர்)

பதில்:

இந்தக் காட்டுக்காகக் கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். இது சோதனையே இல்லை, விளையாட்டு. கல்யாணத்தைப் பற்றி அவரிடம் கேட்டுத் தெளிய வேண்டியது வேறொன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அவர் சொன்ன பதில்களை, அந்த விடைத்தாளைத் தள்ளி வைத்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். அவர் ஊர் தளி. பன்னேர்கட்டா காட்டிலிருந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி முற்றும் காலத்தில் யானைகள் கூட்டமாக வருவது அங்கே வருஷா வருஷம் நடப்பது. அந்தக் கிராமங்களில் ராத்திரி பரணில் ஏறிக் காவல் இருப்பார்கள். வெடி போடுவார்கள், அகழி வெட்டுவார்கள், சோலார் வேலி போடுவார்கள். அந்த மண்ணில் வளர்ந்த ஒருவரைக் கண்ணை மூடிக் காட்டுக்குள் போகச் சொன்னால், எதிரே யானை வராமல் வேறென்ன வரும்? யானையைப் பார்த்தால் ஓடாதே, கத்தாதே, ஒதுங்கி நில் என்று நடக்கத் தொடங்கிய வயதிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவர் கற்பனையிலும் அதைத்தான் செய்தார். உங்கள் விடைத்தாள் அதற்குப் பெரிய பிரச்சினை, எதிர்கொள்ளத் தெரியாதவர் என்று அர்த்தம் போட்டுவிட்டது. வேலியும் அப்படித்தான். காட்டோரத்தில் வேலியில்லாத வீட்டை மனத்தில் கட்டுவதற்குப் பெங்களூரில் வளர்ந்திருக்க வேண்டும்.

உங்கள் காட்டையும் பார்ப்போம். மான், பூ, பக்கத்தில் துணை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இது கப்பன் பார்க் மாதிரி இருக்கிறது. நம் நகரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் பன்னேர்கட்டா சஃபாரி பஸ் ஜன்னல் வழியாகத்தான் காட்டைப் பார்த்திருக்கிறோம். அங்கே துணையோடு போகிறோம், மானைப் பார்த்ததும் போன் எடுக்கிறோம். உங்கள் கற்பனை உங்கள் காட்டிலிருந்து வந்தது, அவருடையது அவர் காட்டிலிருந்து வந்தது. இரண்டு பேர் வளர்ந்த இடம் வேறு என்பதற்கு மேல் இதிலிருந்து எனக்கு எதுவும் எடுக்கத் தெரியவில்லை.

“ஆனால் எனக்கு அச்சு அசலாகப் பொருந்தியதே” என்பீர்கள். உங்கள் பயத்துக்கு வேரே அதுதான்: எனக்குச் சரியாகச் சொன்னது, அதனால் அவருக்கும் சரியாகத்தான் சொல்லியிருக்கும். 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். பிறகு ஆளுக்கொரு தாளில் முடிவைக் கொடுத்து, உனக்கு எவ்வளவு பொருந்துகிறது, ஐந்துக்கு மார்க் போடு என்றார். சராசரி 4.26 வந்தது. எல்லோர் தாளிலும் இருந்தது ஒரே குறிப்புகள்! கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து பெரும்பாலும் எடுத்தவை. மற்றவர்கள் உன்னை விரும்ப வேண்டும் என்ற தேவை உனக்கு இருக்கிறது, வெளியே கட்டுப்பாடாகத் தெரிந்தாலும் உள்ளே கவலைப்படுவாய், இந்த ரகம். யாருக்குத்தான் பொருந்தாது? உங்கள் ஆபீஸில் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்குமே “அப்படியே இருக்கு” என்று தோன்றியிருக்கும், விசாரித்துப் பாருங்கள். கிளி ஜோசியராவது நம் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றிக்கொள்வார். இந்த விடைத்தாளுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை.

நிச்சயமான பெண், காட்டில் கூட வருபவராக மாப்பிள்ளையைச் சொன்னதில் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்ச நாளில் கல்யாணம், மனசு பூரா அவர்தான்.

இப்படிச் சொல்வதால், கற்பனையை வைத்து மனத்தைப் பார்க்கும் வேலையே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். அது எங்கள் உளவியல் தொழிலில் உண்டு, காடும் உண்டு. ஜெர்மனியில் ஹான்ஸ்கார்ல் லாய்னர் என்ற மனநல மருத்துவர் 1950-களில் உருவாக்கிய சிகிச்சை முறையில் நோயாளியைத் தளர்வாக உட்கார வைத்துச் சில காட்சிகளைக் கற்பனை செய்யச் சொல்வார்கள்: புல்வெளி, ஓடை, மலை, வீடு, காட்டின் விளிம்பு. காட்டுக்குள் போகச் சொல்வதில்லை. புல்வெளியில் நின்றபடி இருட்டான காட்டோரத்தைப் பார், உள்ளேயிருந்து யாராவது, ஏதாவது வெளியே வருகிறதா என்று காத்திரு என்பார்கள். வந்த உருவத்தை என்ன செய்கிறார், பயந்து ஓடுகிறாரா, பக்கத்தில் போகிறாரா, பேசுகிறாரா என்பதைச் சிகிச்சையாளர் கூடவே இருந்து, வாரக்கணக்கில், அவர் வாழ்க்கைக் கதையோடு சேர்த்துப் பார்ப்பார். யானை என்றால் இது, முயல் என்றால் அது என்ற அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார மாட்டார்.

உங்கள் ஆபீஸில் வைத்த விளையாட்டு வேறு வழியில் வந்தது. 1990-களில் ஜப்பானில் கோகாலஜி என்ற பெயரில் இதே பாணிக் கேள்விகள் தொலைக்காட்சியிலும் புத்தகங்களிலும் பிரபலமாயின. ஒரு காட்சியைக் கற்பனை செய், இப்போது அர்த்தம் சொல்கிறேன் என்ற வடிவம். நாலு பேர் கூடிச் சிரிக்க நல்ல விளையாட்டு, நானும் ஆடுவேன். அதை வைத்து யாரையும் எடை போட மாட்டேன்.

சோதனை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அது இரண்டு இடத்தில் நின்று காட்ட வேண்டும். இன்றைக்கு வைத்தாலும் அடுத்த மாதம் வைத்தாலும் அதே ஆளுக்குக் கிட்டத்தட்ட அதே முடிவு வர வேண்டும். எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதைத்தான் அளக்கிறது என்று நிறையப் பேரிடம் வைத்துப் பார்த்து நிரூபித்திருக்க வேண்டும். வேலை முடிந்து, ஓசூர் ரோட்டில் நெரிசலில் நின்று, வீடு வந்து சேர்ந்தவரிடம் ராத்திரி வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டு எழுந்தவரிடம் கேட்டிருந்தால் மேசையில் பிரியாணி இருந்திருக்கும், கூட நண்பர்கள் நாலு பேர் வந்திருப்பார்கள்.

முறையாகச் செய்யும் படச் சோதனைகளுக்கே இந்தச் சிக்கல் உண்டு. மைக்கறையைக் காட்டி ‘இது என்ன மாதிரி தெரிகிறது’ என்று கேட்கும் ரோர்ஷாக் அட்டைகள் பத்தும் 1921-லிருந்து புழக்கத்தில் இருக்கின்றன. இன்றுவரை அவை எதைச் சரியாகக் காட்டும், எதைக் காட்டாது என்று உளவியலாளர்கள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நம் ஊர் கப்பன் ரோட்டிலேயே ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் மையம் இருக்கிறது. அங்கே படத்தைப் பார்த்துக் கதை எழுதும் சோதனை ஒன்று உண்டு. ஒரு படத்தை 30 விநாடி பார்க்க வேண்டும், 4 நிமிஷத்தில் கதை எழுத வேண்டும். 11 படம், பன்னிரண்டாவது வெற்றுத் தாள். ஒரு கதையில் கதாநாயகன் தனியாக நிற்கிறான் என்பதற்காக யாரையும் வெளியே அனுப்புவதில்லை. பல கதைகளில் திரும்பத் திரும்ப வருவது என்ன என்று பார்ப்பார்கள். அதோடு நேர்முகம், மைதானத்தில் குழு வேலை எல்லாம் சேர்த்து ஐந்து நாள் ஓடும். மதிப்பிட்டவர்கள் கடைசியில் கூடி உட்கார்ந்துதான் முடிவெடுப்பார்கள். அத்தனை ஏற்பாடு உள்ள இடத்துக்கே கோச்சிங் சென்டரில் கதையை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள் என்பது தனிக் கதை.

இன்னொரு விஷயம். எல்லோருக்கும் மனக்கண்ணில் படம் ஓடும் என்று இந்த விளையாட்டு எடுத்துக்கொள்கிறது. சிலருக்கு ஓடவே ஓடாது. ‘மேசை’ என்றால் மேசை என்று தெரியும், ஆனால் நிறமோ அதன் மேல் இருக்கும் பொருளோ எதுவும் தெரியாது. ஆடம் ஜீமன் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் 2015-ல் இதற்கு அஃபேன்டேசியா என்று பெயர் வைத்தார்கள். இது நோய் அல்ல. இப்படிப்பட்டவர்கள் அன்பாக இருக்கிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். உங்களவர் அப்படியா என்று எனக்குத் தெரியாது. மேசையில் என்ன என்று கேட்டதற்கு “ஒன்றுமில்லை” என்று ஒருவர் சொல்வதற்குத் தூக்கம், சலிப்பு, படமே தெரியாதது என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். சந்தோஷமில்லாத மனசு என்பதற்கு நேராகத் தாவ வேண்டியதில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த விளையாட்டு புதிதாகவும் தெரியாது. நிலத்தையும் மனநிலையையும் சேர்த்து வைப்பது நம் சங்கப் பாட்டின் பழக்கம். மலை என்றால் கூடல், கடற்கரை என்றால் இரங்கல். காடு முல்லை நிலம், அதற்குரியது இருத்தல்: போனவர் திரும்பி வரும்வரை பொறுத்திருப்பது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் காட்டில் அசையாமல் நின்ற உங்கள் மாப்பிள்ளையை விட நல்ல காதலர் கிடைக்க மாட்டார்! விடைத்தாளை மாற்றினால் மாப்பிள்ளையும் மாறிவிடுகிறார் பாருங்கள். பாட்டில் அது செல்லுபடியாகும், ஏனென்றால் பாடியவருக்கும் கேட்டவருக்கும் அந்த மரபு தெரியும். உங்களவர் பிளாஸ்டிக் டம்ளர் என்று சொன்னபோது அதுதான் கல்யாணம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. காட்டோரம் கிடக்கும் பிளாஸ்டிக்கை யார் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்?

இனி அந்த ‘பார்க்கலாம்’.

கடிதம் முழுக்கக் காட்டைப் பற்றி எழுதிவிட்டு, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: தளியிலா பெங்களூரிலா என்று கேட்டால் ‘பார்க்கலாம்’ என்கிறார். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது யானை என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மா, தம்பி, ஒயிட்ஃபீல்டு வேலை எல்லாம் ஒரு பக்கம். மாமனார், மாமியார், ராகிக் காடு இன்னொரு பக்கம். தளியிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்குத் தினமும் போய் வர முடியுமா என்பது போய் வந்து பார்த்தால் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். அம்மாவுக்கு நீங்கள் கொடுக்கும் பணம் கல்யாணத்துக்கு அப்புறமும் தொடருமா என்பதையும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். நேராகக் கேட்டால் வேண்டாத பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில், சுற்றி வளைத்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி கிடைத்ததும் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். நிச்சயமான பெண்கள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். நட்சத்திரப் பொருத்தத்தை மூன்றாவது ஜோசியரிடம் காட்டுபவர்களும், அவருடைய பழைய ஃபேஸ்புக் படங்களை நோண்டுபவர்களும் இதே பயத்தோடுதான் என்னிடம் வருகிறார்கள். நம் குடும்பங்களில், நிச்சயத்துக்கும் தாலிக்கும் நடுவில் பெண் நேராகக் கேள்வி கேட்டால் “இப்பவே இப்படியா” என்று ஒரு பேச்சு வரும். அதைக் கேட்க வேண்டியிருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள்.

அவரை நேரில் சந்தியுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், போனும் வேண்டாம். பேசாத ஆளோடு எதிரெதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். லால்பாக்கில் நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ பேசினால் சிலருக்கு வாய் திறக்கும். முதலில் காட்டு விஷயத்தை முடித்துவிடுங்கள்: “அந்த விளையாட்டை வைத்து உங்களைக் குடைந்துவிட்டேன், அது முடிந்தது.” பிறகு உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள். “கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலையை விட மாட்டேன். எலக்ட்ரானிக் சிட்டிக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் நடுவில் எங்காவது வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்பது என் எண்ணம். அம்மாவுக்கு மாதம் இவ்வளவு கொடுக்கிறேன், அது தொடரும். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” தன் முடிவைச் சொல்லத் தயங்குபவர்கூட எதிரே ஒரு முடிவு வைக்கப்பட்டால் ஆமாம் இல்லை என்றாவது சொல்வார்.

அவர் ‘பார்க்கலாம்’ என்பதற்குப் பின்னால், அப்பாவிடம் இன்னும் பேசவில்லை, பேசப் பயமாக இருக்கிறது என்பது இருக்கலாம். ஒற்றைப் பிள்ளையாக இருந்து, ராகி நிலத்தை யார் பார்ப்பது என்ற கேள்வி வீட்டில் ஓடிக்கொண்டிருக்கலாம். அதைச் சொன்னாரானால் நீங்கள் இருவரும் சேர்ந்து யோசிக்கலாம். இரண்டு மூன்று முறை தெளிவாகக் கேட்ட பிறகும் அதே ‘பார்க்கலாம்’ வந்தால், அல்லது கேட்டதற்கே கோபம் வந்தால், அப்போது கல்யாணத் தேதியைத் தள்ளிப்போடுவதைப் பற்றி அம்மாவோடு தாராளமாகப் பேசுங்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றே என்பார்கள். கொடுத்தால் என்ன?

மூன்றாவது ஆள் ஒருவர் நடுவில் இருந்தால் நல்லது என்று பட்டால், கல்யாணத்துக்கு முந்தைய ஆலோசனைக்கு இருவரும் சேர்ந்து போகலாம். பெங்களூரில் இது சாதாரணம். போகிற இடத்தில் இருப்பவர் மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. தூக்கமில்லாதது இப்படியே நீண்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

ஆபீஸ் விஷயம். மாட்டேன் என்று சொல்லலாம். டீம் பிரிக்க இதைப் பயன்படுத்துவதில் அர்த்தமும் இல்லை; தளிக்காரரை ஒரு டீமிலும் கப்பன் பார்க்காரரை இன்னொரு டீமிலும் போடுவதில் போய் முடியும். அதைவிட எனக்கு உறுத்துவது அந்தக் கடைசிக் கேள்வி. எவ்வளவு நனைந்தாய் என்று முதலில் மேலாளர் முன்னால் ஒரு பெண்ணைப் பதில் சொல்ல வைத்துவிட்டு, பிறகு அது அவளுடைய தாம்பத்திய ஆசை என்று எல்லோர் எதிரிலும் வாசிக்கிறார்கள். எதற்குப் பதில் சொல்கிறோம் என்று தெரியாமலே அவள் சொல்லியிருக்கிறாள். இதை நான் விளையாட்டில் சேர்க்க மாட்டேன். இந்தக் கேள்வியை எடுத்துவிடும்படி எச்.ஆருக்கு மின்னஞ்சலாகவே எழுதுங்கள், வாய்மொழியாக வேண்டாம். கேட்காவிட்டால், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் நிறுவனத்தில் இருந்தாக வேண்டிய உள்ளகக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்களிடம் கொண்டுபோங்கள்.